விளையாட்டு வினையாகும் வேளை

"விளையாட்டு வினையாகும்" என்பது நம்மிடையே வழங்கிவரும் பழமொழி. கிணற்றுக்கட்டில் ஏறி நின்று விளையாடும் சிறுவரைக் கண்டால் பெரியோர் இதனைச் சொல்லி அதட்டுவர். வினை என்பது அங்கே தீங்கு என்னும் பொருளில் வருகிறது. ஆயின் வினை என்னும் சொல்லுக்குத் தொழில், செயல், முயற்சி என்னும் பொருள்களும் உண்டு. அப்பொருளிற் கொண்டால், இப்பழமொழி ஓர் ஆராய்ச்சித் துறைக்குத் தலைப்பாக அமைந்துவிடும். விளையாட்டு எவ்வாறு தொழிலுக்கும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் கருவியாகின்றது, அவ்வாறு ஆகுங்கால் பயன் விளைகின்றதா, கேடு விளைகின்றதா என்று ஆராயும் துறையொன்று இன்று உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. அத்துறையைப் பற்றியே இன்று நேயர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர், பாடசாலை விட்ட பின் ஒரு மாலைப் பொழுதில், இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகன் என்னிடம் கற்றவன். கணினி விஞ்ஞானத்திற் சிறப்புப் பட்டமும் பின்னர் முதுமாணிப் பட்டமும் பெற்றவன். தகப்பனார் கதிரையில் அமர்ந்ததும் அமராததுமாகச் சொன்னார்: "ஐயா, உங்களிட்டைப் படிச்ச பிள்ளைதானே. இப்ப கலாநிதிப் பட்டத்துக்கு விளையாட்டைப் பற்றி ஆராயப் போறானாம். ஊர்ச்சனம் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் ஒருக்காச் சொன்னால் கேட்பான்."

அவருக்கு நான் உடனே விடை கூறவில்லை. மகனுடைய ஆய்வுத் திட்டத்தின் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, "வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். கலைப் பட்டதாரியாகிய எனக்குக் கணினியின் நுட்பங்கள் பழக்கமானவையல்ல. எனினும் முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளோடு பழகியவன் என்ற முறையில், அத்திட்டத்தில் இருந்த வினா என்னைப் பற்றிக்கொண்டது. அதன்பின் தேடிப் படித்தவற்றின் சாரமே இப்பேச்சு.

பழந்தமிழர் விளையாட்டை அறிவுக்குப் பகையென்று கருதினாரல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உவகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கினைக் கூறுகிறார். பொருளின் நுகர்ச்சி, அறிவின் நுகர்ச்சி, காதலர் கூட்டம், விளையாட்டு என்று அவற்றை நாம் விளங்கிக்கொள்ளலாம். அறிவினால் வரும் மகிழ்ச்சியையும் விளையாட்டினால் வரும் மகிழ்ச்சியையும் அவர் ஒரே பந்தியில் இருத்தியமை கவனிக்கத்தக்கது.

மேலைநாட்டில் இப்பொருளைப் பெரிய அளவில் எடுத்து ஆராய்ந்தவர் ஒல்லாந்து தேசத்து வரலாற்றறிஞர் யொகான் ஹுய்சிங்கா. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த அவர், "ஹோமோ லூடென்ஸ்" என்னும் நூலை 1938இல் வெளியிட்டார். விளையாடும் மனிதன் என்பது அதன் பொருள். நீதிமன்றம், போர், கவிதை, தத்துவம் ஆகிய யாவற்றிலும் விளையாட்டின் கூறு கலந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. விளையாட்டின் முதல் இலக்கணமாக அவர் சொன்னது ஒன்றுண்டு. அது ஆடுவோன் தன் விருப்பத்தாற் புகுவதாய் இருத்தல் வேண்டும். கட்டளையின்படி ஆடுவது விளையாட்டாகாது. இந்த இலக்கணத்தை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்னர் இது நமக்கு வேண்டியதாகும்.

இத்துறையில் இரண்டு சொற்கள் அடிக்கடி வழங்குகின்றன. ஒன்று, "சீரியஸ் கேம்ஸ்" என்பது. அதனைக் காத்திரமான விளையாட்டு எனலாம். மற்றையது "கேமிஃபிகேஷன்" என்பது. அதனை விளையாட்டாக்கம் எனலாம். இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் குணத்தால் வேறானவை. ஒன்றைக் கற்பிப்பதற்கென்றோ பயிற்றுவதற்கென்றோ முழு விளையாட்டொன்றை அமைப்பது காத்திரமான விளையாட்டு. விளையாட்டல்லாத ஒரு வேலையின்மீது, புள்ளி, பதக்கம், தரவரிசைப் பலகை முதலிய விளையாட்டின் உறுப்புக்களை மட்டும் எடுத்துப் பொருத்துவது விளையாட்டாக்கம். செபாஸ்டியன் டெற்றெர்டிங்கும் அவருடன் மூவரும் 2011இல் எழுதிய கட்டுரையே இந்த இரண்டாஞ் சொல்லுக்கு ஆய்வுலகம் ஏற்கும் வரைவிலக்கணத்தைத் தந்தது.

முதலாவது வகைக்கு நம்மவர் நன்கறிந்த உதாரணம் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் அவ்வாட்டத்தில், ஏணிகள் நல்வினையையும் பாம்புகள் தீவினையையும் குறிக்கும். உச்சிக் கட்டம் பரமபதம். வட இந்தியாவிலும் இதனோடொத்த ஆட்டம் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஆட்டம் இங்கிலாந்து சென்று, பாம்பும் ஏணியும் என்னும் சிறுவர் ஆட்டமாக மாறியது. அறத்தைப் புகட்டுவதற்கென்று ஒரு பலகையைக் கீறிய நம் முன்னோர், காத்திரமான விளையாட்டு என்னும் பெயர் தோன்றுமுன்னரே அதனைச் செய்து காட்டியவர்கள்.

இனி ஓர் ஆய்வாளர் இந்த ஆட்டத்தைப் பார்த்தால் என்ன கேட்பார்? ஏணியில் ஏறுவது நல்வினையால் என்று பலகை கூறுகிறது. ஆனால் ஏற்றுவதோ தாயக்கட்டை. ஆடுவோன் எதனையும் தெரிந்தெடுப்பதில்லை. ஆதலின் பலகையில் எழுதிய பாடம் ஒன்று. ஆட்டத்தின் விதி கற்பிக்கும் பாடம் வேறொன்று. ஆட்டத்தின் விதியையும் தலைவிதியையும் தமிழில் ஒரே சொல்லாற் குறிக்கிறோம். பரமபதத்தில் அவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. விளையாட்டு தன் விதிகளின் வாயிலாகவே பேசுகின்றது என்னும் இக்கருத்தை, இயன் பொகோஸ்ற் என்னும் அமெரிக்க அறிஞர் 2007இல் வெளியிட்ட நூலொன்றில் விரித்துரைத்தார். கற்பிக்கும் ஆட்டமொன்றை மதிப்பிடுபவர், அதன் படங்களையும் வாசகங்களையும் பாராது, அதன் விதியை முதலிற் பார்த்தல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும்.

விதியே பாடமாக அமைந்த ஆட்டங்கள் சிலவற்றை வரலாறு தருகின்றது. பிரசிய நாட்டுப் படை அதிகாரியாகிய இளைய ரைஸ்விற்ஸ், தந்தையார் தொடங்கிய முயற்சியைத் திருத்தி, 1824இல் "கிறீக்ஸ்பீல்" என்னும் போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். நிலப்படத்தின்மீது படைகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்துவர். எதிரியின் படை எங்கே இருக்கிறது என்பதை நடுவர் மட்டுமே முழுமையாக அறிவார். இதனால் அரைகுறைச் செய்தியைக் கொண்டு முடிவெடுக்கும் பயிற்சியை அதிகாரிகள் பெற்றனர். 1930களில் லெனின்கிராட்டில் மரியா பிர்ஷ்டெயின் என்னும் அம்மையார், தொழிற்சாலை முகாமையாளரைப் பயிற்றுவதற்கு இத்தகைய முறையைக் கையாண்டார். "காத்திரமான விளையாட்டுக்கள்" என்னும் பெயரிலேயே நூலெழுதி, அப்பெயரை நிலைநாட்டியவர் கிளார்க் அப்ட். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1970. அக்காலத்தில் அவர் கருதியவை பெரும்பாலும் பலகையிலும் கடதாசியிலும் ஆடும் ஆட்டங்களே. கற்பித்தலை முதல் நோக்கமாகக் கொண்டவை என்பதற்காக அவை சுவையற்றவையாய் இருத்தல் வேண்டுமென்பதில்லை என்றும் அவர் தெளிவுபடுத்தினார்.

இவ்வகையில் என்னை மிகவும் கவர்ந்த ஆட்டம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் யே ஃபொரெஸ்டரும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 1960ஆம் ஆண்டளவில் உருவாக்கியது அது. பியர் பகிர்வு விளையாட்டு என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு நேயர்கள் முகஞ்சுளிக்க வேண்டா; அங்கே இருப்பது ஒரு பலகையும் சில்லுகளுமே. நால்வர் ஆடுவர். ஒருவர் சில்லறை வியாபாரி, அடுத்தவர் மொத்த வியாபாரி, மூன்றாமவர் விநியோகத்தர், நான்காமவர் உற்பத்திச்சாலைக்காரர். வாடிக்கையாளர் எத்தனை பெட்டி கேட்கிறார் என்பது சில்லறை வியாபாரிக்கு மாத்திரமே தெரியும். மற்றையோருக்குத் தெரிவது, தமக்குக் கீழுள்ளவர் அனுப்பும் கட்டளைச் சீட்டு மட்டும். கட்டளை மேலே போய்ச் சேரவும் பொருள் கீழே வந்து சேரவும் சில வாரங்கள் தாமதமாகும். ஒருவரோடொருவர் பேசுதல் கூடாது.

தொடக்கத்தில் வாடிக்கையாளர் வாரத்துக்கு 4 பெட்டி கேட்பார். ஐந்தாம் வாரத்தில் அது 8 ஆகும். அதன்பின் ஆட்டம் முடியும்வரை மாறாமல் 8 ஆகவே நிற்கும். நடப்பது இவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு மாற்றம் மேலே செல்லச் செல்லப் பெருகி, சில வாரங்களிற் பொருள் இல்லாமல் எல்லோரும் தவிப்பர். பின்னர் பொருள் மலைபோற் குவிந்துவிடும். ஜோன் ஸ்டேர்மன் என்னும் பேராசிரியர், பலமுறை நடந்த இவ்வாட்டங்களின் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆடியோர் சுமந்த செலவு, சிறந்த முறையில் ஆடியிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய செலவைப் போலச் சராசரியிற் பத்து மடங்கு என்று அவர் கண்டார். ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் கேள்வி எவ்வாறு இருந்திருக்கும் என்று வரைந்து காட்டுமாறு மேலேயுள்ள மூவரையும் கேட்பது வழக்கம். பெரும்பாலோர் அலைபோல ஏறி இறங்கும் கோட்டையே வரைவர். நேர்கோடு என்ற உண்மையைக் காட்டும்போது திகைப்பர். தம்மோடு ஆடியவரைப் பழித்தது தவறு, குழப்பம் அமைப்பிலும் அதற்குத் தாம் காட்டிய பதிலிலுமே பிறந்தது என்பது அப்பொழுதுதான் உறைக்கும்.

இதனை விரிவுரையாகச் சொல்லியிருந்தால் கேட்டவர் தலையசைத்துவிட்டுப் போயிருப்பர். ஆடித் தோற்றவர் அப்படிப் போவதில்லை. அவர் கற்க வேண்டிய பாடமும் அவர் ஆடிய ஆட்டமும் ஒன்றே. ஆட்டத்தை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எடுக்க முடியாது. காத்திரமான விளையாட்டின் சிறப்பு இதிலே உள்ளது.

விளையாட்டாக்கத்தின் கதை வேறு. இதைச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் அதிபராயிருந்த ஒரு பாடசாலையில், பிள்ளைகள் நூல்நிலையத்தை எட்டிப் பார்ப்பதில்லை என்ற குறை இருந்தது. நான் ஒரு பெரிய அட்டை தயாரித்துச் சுவரில் மாட்டுவித்தேன். ஏழாந் தரத்திலும் எட்டாந் தரத்திலும் உள்ள பிள்ளைகளின் பெயர்களை அதில் எழுதி, ஒரு நூல் வாசித்தால் ஒரு நட்சத்திரம் என்று அறிவித்தேன். முதல் மாதத்தில் இரவற் பதிவேடு நிரம்பி வழிந்தது. பாடசாலையைப் பார்வையிட வந்தவர்களும் அட்டையைக் கண்டு பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

இரண்டாந் தவணையில் ஒன்றைக் கண்டேன். மெல்லிய புத்தகங்கள் மட்டுமே தட்டிலிருந்து போய் வந்துகொண்டிருந்தன. தடித்த நூல்களிற் தூசி படிந்தது. ஒரு பையன் என்னிடம் வந்து, "பொன்னியின் செல்வன் ஐஞ்சு பாகம், சேர். அதுக்கு ஒரு நட்சத்திரமோ, ஐஞ்சு நட்சத்திரமோ?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டே ஐந்து என்றேன். ஆனால் மற்றொரு கேள்விக்கு என்னாற் சிரிக்க முடியவில்லை. அட்டை வருவதற்கு முன்னரே, இடைவேளையில் வேப்பமரத்தடியில் இருந்து எந்நேரமும் வாசிக்கும் பெண்பிள்ளையொருத்தி இருந்தாள். ஆண்டிறுதியில் அட்டையைக் கழற்றிய பிறகு அவளை அங்கே காணவில்லை. கூப்பிட்டு விசாரித்தேன். "இப்ப வாசிச்சால் என்ன கிடைக்கும், சேர்?" என்றாள்.

அவள் சொன்னதை அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டிலேயே மூன்று உளவியலறிஞர் பரிசோதித்துக் கண்டிருந்தனர் என்பதை நான் அறிந்திருந்தால் அந்த அட்டையை மாட்டியிருக்கமாட்டேன். மார்க் லெப்பர், டேவிட் கிறீன், றிச்சட் நிஸ்பெற் என்போரே அம்மூவர். ஸ்டான்ஃபோட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலர் பள்ளியில், வர்ண எழுதுகோல்களால் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள பிள்ளைகளை அவர்கள் தெரிந்தெடுத்தனர். ஒரு பகுதியாரிடம், வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே கொடுத்தனர். பொன் நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய அந்தச் சான்றிதழின் பெயர் "நல்ல விளையாட்டாளர்" என்பது. மற்றொரு பகுதியாருக்கு முன்னே சொல்லாமல், வரைந்த பின் எதிர்பாராத வகையிற் கொடுத்தனர். மூன்றாம் பகுதியாருக்கு ஒன்றுங் கொடுக்கவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்துப் பரிசு ஏதுமின்றி அதே எழுதுகோல்களை வகுப்பில் வைத்து, யார் எவ்வளவு நேரம் வரைகிறார் என்று மறைவிலிருந்து கணித்தனர். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள், ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய அரைவாசி நேரமே வரைந்தனர். எதிர்பாராமற் பரிசு பெற்றோருக்கு இக்குறை நேரவில்லை.

இதிலிருந்து பரிசு எல்லாமே நஞ்சு என்று கொள்ளுதல் பிழை. இயல்பான விருப்பம் ஏற்கெனவே உள்ள இடத்தில், முன்னறிவித்த பரிசு அந்த விருப்பத்தின் காரணத்தை மாற்றிவிடுகிறது என்பதே இவ்வாராய்ச்சி காட்டுவது. விருப்பமே இல்லாத இடத்தில் நிலைமை வேறாகலாம். எவ்வளவு வேறு என்பதைப் பற்றி அறிஞர்களிடையே நீண்ட வழக்கு நடந்தது. எட்வேட் டெசியும் அவர் துணைவர் இருவரும் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு உள்ளார்ந்த விருப்பத்தைக் குறைக்கிறது என்று முடிவு கூறினர். நல்ல வார்த்தை சொல்லிப் பாராட்டுவதோ விருப்பத்தை வளர்க்கக்கூடும் என்றும் கண்டனர்.

பல்கலைக்கழக வகுப்பிலும் இது சோதிக்கப்பட்டது. மைக்கேல் ஹனஸ், ஜெசி ஃபொக்ஸ் ஆகிய இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே பாடத்திட்டமுடைய இரு வகுப்புக்களில், ஒன்றுக்கு மட்டும் பதக்கங்களும் தரவரிசைப் பலகையும் வைத்தனர். 16 வாரங்கள் கழிந்தபோது, பதக்க வகுப்பினரின் ஊக்கமும் திருப்தியும் மற்றை வகுப்பினரிலும் குறைந்திருந்தன. இறுதிப் பரீட்சைப் புள்ளியும் அதற்கேற்பத் தாழ்ந்தது. எனினும் இவர்கள் மாணவரை எழுமாறாகப் பிரித்தவரல்லர். இருந்த இரு வகுப்புக்களையே ஒப்பிட்டனர். ஆதலின் இம்முடிவைச் சற்று நிதானத்துடன் ஏற்றல் வேண்டும். இந்த நிதானத்தைக் கற்பிப்பதே உயர் ஆராய்ச்சியின் வேலை.

உயர் ஆராய்ச்சி என்றேன். நிரம்பிய நூலறிவின்றி அவையிற் பேசப் புகுவதை, கட்டங் கீறாமல் வட்டாடுவதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். விளையாட்டைப் பற்றி ஆராய்வோருக்கும் முதலிற் கட்டங் கீறிக்கொள்ளுதல் இன்றியமையாதது. "என் விளையாட்டைப் பிள்ளைகள் விரும்பினார்கள், ஆகவே அது கற்பிக்கிறது" என்று கூறுவது ஆராய்ச்சியாகாது. விரும்பியது புதுமையினாலும் இருக்கலாம். புதிய கருவி எதைக் கொண்டுவந்தாலும் பிள்ளைகள் இரண்டு கிழமைக்கு அதனைச் சுற்றி நிற்பர். மூன்றாங் கிழமையில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. எதனோடு ஒப்பிடுவது என்பதும் எளிய காரியமன்று. நன்றாகத் திட்டமிட்ட விளையாட்டையும் சோம்பலான விரிவுரையையும் ஒப்பிட்டு விளையாட்டே வென்றது என்றால், வென்றது விளையாட்டா, நல்ல திட்டமா? கற்பிக்கும் ஊடகம் உணவு கொண்டுவரும் வண்டியைப் போன்றது, வண்டியை மாற்றினால் உணவின் சத்து மாறுவதில்லை என்று றிச்சட் கிளார்க் என்னும் கல்வியறிஞர் 1983இல் எழுப்பிய தடை இன்றும் இத்துறையினர் விடை சொல்ல வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது.

நன்கு கீறிய கட்டத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். புற்றுநோயால் வருந்தும் இளைஞர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமல் விடுவது மருத்துவருக்குப் பெருங் கவலை. "றீ-மிஷன்" என்னும் கணினி விளையாட்டு இதற்கென்று ஆக்கப்பட்டது. றொக்சி என்னும் சிறு இயந்திரப் பெண் நோயாளியின் உடலுக்குள்ளே புகுந்து புற்றுக் கலங்களையும் நோய்க்கிருமிகளையும் அழிப்பாள். நோயாளி மருந்தைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதும் ஆட்டத்திலேயே தெரியும். பமெலா கேற்றோவும் குழுவினரும் அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ நிலையங்களில், 13 முதல் 29 வயது வரையான 375 நோயாளரை எழுமாறாக இரு குழுக்களாக்கினர். ஒரு குழுவினருக்குச் சாதாரண கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தனர். மற்றைக் குழுவினருக்கு அதனோடு றீ-மிஷனையும் கொடுத்தனர். கணினி கிடைத்த மகிழ்ச்சியும் ஆடும் மகிழ்ச்சியும் இரு குழுவுக்கும் உண்டு. வேறுபாடு பாடத்தில் மட்டுமே. இதுவே ஒப்பீட்டின் நேர்மை.

இனி அவர்கள் அளந்ததைப் பாருங்கள். மருந்து எடுத்தீரா என்று வாயினாற் கேட்டதோடு நிற்கவில்லை. மருந்துப் புட்டி திறக்கப்படுவதைப் பதிவுசெய்யும் நுண்கருவியைப் பயன்படுத்தினர். இரத்தத்திலும் மருந்தின் அடையாளத்தைச் சோதித்தனர். மூன்று மாதங்களின் பின், றீ-மிஷன் ஆடியவர்கள் மருந்தைக் கூடிய ஒழுங்குடன் உட்கொண்டதைக் கருவியும் இரத்தமும் காட்டின. நோயைப் பற்றிய அறிவும் தன்னம்பிக்கையும் உயர்ந்திருந்தன. ஆனால் தாமே எழுதிக்கொடுத்த வினாத்தாள்களில், மருந்து ஒழுங்கிலோ மன அழுத்தத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ இரு குழுவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. 2008இல் வெளியான அறிக்கை இதனையும் ஒளிக்காமற் சொல்கிறது. வினாத்தாளை மட்டும் நம்பியிருந்தால், பயன் ஒன்றுமில்லை என்றே முடிந்திருக்கும்.

இத்தகைய ஆய்வுகள் பெருகியபின், அவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டி நிறுத்துப் பார்த்தவர்களும் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த பீற்றர் வௌற்றர்ஸ் முதலானோர் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒரு வியப்பான முடிவைத் தந்தது. காத்திரமான விளையாட்டினால் வழமையான போதனையிலும் சற்றுக் கூடுதலாகக் கற்கின்றனர். கற்றது நினைவிலும் நிற்கின்றது. ஆனால் விளையாட்டுக் கூடுதலான ஊக்கத்தைத் தருகிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டவே விளையாட்டு என்று எல்லோரும் எண்ணியிருக்க, அளந்து பார்த்தபோது நம்பத்தக்கதாக நின்றது கற்றலே. விளையாட்டைத் தனியே விடுவதிலும், ஆசிரியரின் விளக்கத்தோடு சேர்ப்பதே மேல் என்றும் அவர்கள் கண்டனர். ஆசிரியர்கள் வேலை இழப்பார்கள் என்று அஞ்சுவோருக்கு இது ஆறுதலான செய்தி.

விளையாட்டாக்கத்தைப் பற்றியும் அவ்வாறே நிறுத்துப் பார்த்தனர். யூஹோ ஹமாரி முதலிய பின்லாந்து நாட்டு அறிஞர் 2014இல் 24 ஆய்வுகளை ஆராய்ந்து, பயன் உண்டு, ஆனால் அது இடத்தையும் ஆளையும் பொறுத்தது என்றனர். மைக்கேல் ஸைலர், லிஸா ஹொம்னர் ஆகிய ஜேர்மன் ஆய்வாளர் 2020இல் செய்த தொகுப்பாய்விலும் சிறிய அளவிலான நற்பயனே தெரிந்தது. கண்டிப்பான முறையில் நடந்த ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தபோது, அறிவு வளர்ச்சியில் வந்த பயன் நிலைத்தது. ஊக்கத்திலும் நடத்தையிலும் கண்ட பயன் அவ்வளவு உறுதியாய் இருக்கவில்லை. ஆகவே என் சுவரட்டை முழுமையும் வீண் என்று ஆராய்ச்சி கூறவில்லை. அதிலிருந்து நான் எதிர்பார்த்த பயன்தான் உறுதியற்றது என்று கூறுகின்றது.

இன்னொரு செய்தி. விளையாட்டு அறிந்ததைக் கற்பிப்பதோடு நில்லாது, அறியாததைக் கண்டுபிடிக்கவும் உதவியிருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட "ஃபோல்டிற்" என்னும் ஆட்டம், புரதக் கூறுகளை மடித்து ஒழுங்குபடுத்தும் ஒரு புதிர். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்கும் வைரசின் நொதியம் ஒன்றின் அமைப்பு, விஞ்ஞானிகளுக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடிபடாதிருந்தது. ஆட்டக்காரர் அதனைத் தீர்க்க உதவியது மூன்று வாரத்தில். 2011இல் அது விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தது. அவர்களிற் பலர் விஞ்ஞானம் கற்றவர்களே அல்லர்.

இவ்வளவு ஆற்றலுள்ள கருவி பிழையான கையிற் சிக்கினால் என்னாகும் என்பதையும் ஆராய்ச்சியாளர் எண்ணியே ஆக வேண்டும். தொழிலாளரின் வேகத்தைத் திரையிற் காட்டி ஒருவரோடொருவரைப் போட்டியிட வைக்கும் முறை பல நாட்டுக் களஞ்சியங்களில் இன்று உள்ளது. அதுவும் விளையாட்டு என்னும் பெயரிலேயே வருகின்றது. ஹுய்சிங்கா சொன்ன இலக்கணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். விலகிச்செல்ல உரிமையில்லாதவன் ஆடுவது விளையாட்டன்று. பாடசாலையிலும் இதே கேள்வி உண்டு. முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதிவரும் நாம், விளையாட்டாக்கம் என்னும் சொல் பிறக்குமுன்னரே தரவரிசைப் பலகையைத் தூக்கிப் பிடித்தவர்கள். கடைசியில் நிற்கும் பிள்ளை அந்த ஆட்டத்திலிருந்து விலக முடியாது. அப்பிள்ளையிடம் அது எதனைக் கற்பிக்கிறது என்று நாம் அளந்து பார்த்ததுண்டா?

இவையெல்லாம் படித்த பின்பு, மாணவனின் ஆய்வுத் திட்டத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன். ஒரு பகுதி மாணவருக்குக் கணக்கை விளையாட்டாகக் கற்பித்து, பரீட்சைப் புள்ளியை ஒப்பிடுவதாக அதில் எழுதியிருந்தான். ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். "விளையாட்டை நிறுத்தி மூன்று மாதம் கழித்து, கேட்பாரின்றித் தாமாகவே கணக்குச் செய்யும் பிள்ளைகள் எத்தனைபேர் என்றும் எண்ணிப் பார்" என்பது அக்குறிப்பு. அவன் அதனை ஏற்றுக்கொண்டு திட்டத்திற் சேர்த்துவிட்டதாக மறுமொழி எழுதியிருந்தான்.

என் நூல்நிலையத்துக்கு என்ன நேர்ந்தது என்று நேயர்கள் கேட்கலாம். இப்பொழுது நட்சத்திரம் இல்லை. கிழமைக்கு ஒரு பாடவேளையில், ஒரு பிள்ளை தான் வாசித்த கதையை நடுவே கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். மற்றையோர் முடிவை ஊகித்துச் சொல்வர். யார் ஊகம் சரி என்று அறிய விரும்புவோர் நூலைத் தேடிப் போவர். விரும்பாதோர் போக வேண்டியதில்லை. இதனாற் பயன் விளைந்தது என்று நான் நிறுவ முடியாது. கட்டுப்பாட்டுக் குழு வைத்து ஆராய்ந்தவனல்லன். ஆனால் தடித்த நூல்கள் சில தட்டிலிருந்து நகர்ந்திருக்கின்றன.

தகப்பனார் சென்ற மாதம் மறுபடியும் வந்தார். மேலே சொன்னவற்றிற் சிலவற்றை அவருக்கு எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்ப, சனத்துக்கு நான் என்ன சொல்லட்டும், ஐயா?" என்றார்.

"பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள் என்று உங்கள் மகன் ஆராய்கிறான் என்று சொல்லுங்கள்" என்றேன்.